எறும்பில் முளைத்த பங்கசு புதிய இனமா? உறுதிசெய்வது எப்படி

கேள்வி இதுதான்: அவிசாவளைப் பக்கம், றப்பர் தோட்டத்தை ஒட்டிய ஓடைக்கரையில், இலையின் அடிநரம்பைக் கவ்வியபடி சில எறும்புகள் செத்துக் கிடந்தன. கழுத்தின் பின்புறத்திலிருந்து கறுப்புத் தண்டு ஒன்று நீண்டிருந்தது. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் கைபேசிச் செயலி ‘ஒபியோகோர்டிசெப்ஸ் யூனிலட்டராலிஸ்’ என்றது. கொழும்பில் ஐடிஎஸ் (பங்கசுகளை அடையாளம் காணப் பரவலாக எடுக்கும் டிஎன்ஏ பகுதி) வரிசை எடுத்து, ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில் தேடினால் கிடைத்த மிக நெருங்கிய பொருத்தம் 96%. இதைப் புதிய இனம் என்று எழுதலாமா?

இன்றைக்கு எழுத முடியாது. செயலி சொன்ன பெயரும் அநேகமாகத் தவறு, 96% என்பதும் எதையும் நிறுவவில்லை. ஆனால் மாதிரி வீணானதல்ல. சரியாகக் கையாண்டால் பதில் கிடைக்கும்.

முதலில் செயலியின் பெயர். யூனிலட்டராலிஸ் என்பது 1865 இல் பங்கசியலாளர்களான துலான் சகோதரர்கள் பிரேசிலிலிருந்து வந்த மாதிரிக்கு வைத்த பெயர். அதற்கு உரிய எறும்பு கம்பொனோட்டஸ் செரிசீவென்றிஸ். அது அமெரிக்கக் கண்டத்து எறும்பு, இலங்கையில் கிடையாது. 2011 இல் பிரேசிலின் அத்திலாந்திக் மழைக்காட்டில் ஒரே பகுதியிலிருந்து நான்கு எறும்பினங்களில் நான்கு தனித்தனிப் பங்கசு இனங்கள் விவரிக்கப்பட்டன. அதுவரை எல்லாவற்றுக்கும் யூனிலட்டராலிஸ் என்றுதான் பெயர். தாய்லாந்தில் கம்பொனோட்டஸ், பொலிராக்கிஸ் எறும்புகளில் செய்த ஆய்விலும் இதே முடிவு வந்தது: எறும்பு மாறினால் பங்கசு இனமும் பெரும்பாலும் மாறுகிறது. ஆகவே இலங்கை எறும்பில் உள்ளதை ‘யூனிலட்டராலிஸ் கூட்டத்தைச் சேர்ந்தது’ என்று சொல்லலாம், அதற்கு மேல் போக முடியாது.

அப்படியானால் புதியதுதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு பங்கசு ஜென்பேங்கில் இல்லை என்றால் அதன் வரிசையை இதுவரை யாரும் பதியவில்லை என்பது மட்டுமே உறுதி. பெயர் முன்பே இருக்கலாம். இலங்கையைப் பொறுத்தவரை இந்த ஆபத்து மற்ற நாடுகளை விட அதிகம். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைற்ஸ் சேகரித்து அனுப்பிய பங்கசுகளை பங்கசியலாளர்கள் பேர்க்லியும் புரூமும் 1870களில் விவரித்தார்கள். ஈக்களைக் கொல்லும் ஒபியோகோர்டிசெப்ஸ் டிப்டெரிஜினா அந்தத் தொகுதியில் வந்தது. பிறகு 1905 இல் பேராதனைக்கு வந்த பங்கசியலாளர் தொம் பெச், 1928 இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய பிறகும், பூச்சிகளில் வளரும் பங்கசுகளைப் பற்றியே தொடர்ந்து எழுதினார். ஒபியோகோர்டிசெப்ஸ் என்ற சாதியையே (நெருங்கிய இனங்களின் தொகுதி; இனப்பெயரின் முதற்சொல்) அவர்தான் 1931 இல் உருவாக்கினார். அந்தச் சாதிக்கு அடிப்படையான இனம், இலங்கைக் கரப்பான் ஒன்றில் வளர்ந்ததை வைத்து 1924 இல் அவரே விவரித்த கோர்டிசெப்ஸ் பிளாட்டே. செதில் பூச்சிகளில் வளரும் ஹைப்போகிரெல்லா, அஷர்சோனியா சாதிகளைப் பற்றி 1921 இல் பேராதனைப் பூங்காவின் ஆண்டிதழில் நீண்ட ஆய்வு ஒன்றும் வெளியிட்டார். இந்தப் பெயர்களில் பலவற்றுக்கு உலர்ந்த மாதிரி உண்டு, அளவுகளோடு விவரணை உண்டு, டிஎன்ஏ வரிசை இல்லை. ஜென்பேங்கில் வரிசைகளை ஒப்பிடும் பிளாஸ்ட் தேடலில் அவை தலைகாட்டவே மாட்டா.

எனவே ஆய்வுகூடத்துக்குச் செலவழிக்கும் முன் நூலகத்தில் வேலை இருக்கிறது. பெச்சும் பிஸ்பியும் சேர்ந்து தொகுத்து 1950 இல் வந்த இலங்கைப் பங்கசுப் பட்டியலில், உங்கள் சாதியின் கீழும் அதன் பழைய பெயர்களின் கீழும் உள்ள எல்லாவற்றையும் குறித்தெடுங்கள். கோர்டிசெப்ஸ், டொருபியா, ஹிர்சுட்டெல்லா, ஹைமெனோஸ்டில்பே, இசாரியா எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் 2013 க்கு முன்னர் ஒரே பங்கசின் பாலியல் நிலைக்கு ஒரு பெயர், பாலிலா நிலைக்கு இன்னொரு பெயர் என்று இரண்டு பெயர் வைக்க விதி இடம்கொடுத்தது. உங்கள் எறும்பில் தண்டாக இருப்பது, பெச்சின் காலத்தில் வேறொரு பூச்சியில் வெறும் இழைகளாகக் கண்டு ஹிர்சுட்டெல்லா என்று பதியப்பட்டதாகவும் இருக்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே விருந்துவழங்கிப் பூச்சி (பங்கசு வளர்ந்த பூச்சி), இடம், பெரிதீசிய (வித்திகள் உண்டாகும் குடுவை போன்ற உறுப்பு) அளவு, அஸ்கசு (அதற்குள் வித்திகளைத் தாங்கும் பை) வித்தியின் நீளம், வித்தி துண்டுகளாக உடைகிறதா முழுதாக நிற்கிறதா என்பவற்றை நிரப்புங்கள். இந்த அட்டவணை இல்லாமல் எழுதிய கட்டுரை மதிப்பாய்வாளரிடமிருந்து திரும்பி வருவதற்கான வாய்ப்பு அதிகம், அது நியாயமும்கூட.

அட்டவணையில் ஏதாவது ஒன்று உங்கள் அளவுகளோடு ஒத்துப்போனால், வகைமாதிரியை, அதாவது அந்தப் பெயர் சார்ந்து நிற்கும் மூல மாதிரியை, பார்த்தே ஆக வேண்டும். பெச்சின் மாதிரிகள் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் உள்ளன; பேராதனைத் தேசிய ஹேர்பேரியத்திலும் (உலர் மாதிரிக் காப்பகம்) தேடிப் பார்க்க வேண்டும். நூறு வருட மாதிரியிலிருந்து ஒரு துண்டை டிஎன்ஏவுக்குக் கேட்டால் காப்பாளர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. அப்படி மறுத்தால், மூல விவரணை சொல்லும் அதே இடத்தில் அதே பூச்சியில் புதிதாகச் சேகரித்து, அதைப் பழைய பெயருக்கு விளக்க வகைமாதிரியாக (எபிடைப்) முறைப்படி அறிவிக்கலாம். ‘புதிய இனம்’ என்ற தலைப்பு கிடைக்காது. ஆனால் இலங்கைப் பங்கசியலுக்கு இன்றைக்கு அதிகம் தேவைப்படுவது இந்த வேலைதான் என்பது என் கணிப்பு.

இனி மாதிரி. எறும்பை இலையிலிருந்து பிடுங்காதீர்கள்; இலையோடு வெட்டுங்கள். கவ்விய தாடை, இலையின் எந்தப் பக்கம், நிலத்திலிருந்து எத்தனை சென்ரிமீற்றர் உயரம், எந்தத் தாவரம், நாள், ஆள்கூறு எல்லாம் பதிவாக வேண்டும். வெட்டும் முன் அளவுகோலோடு பல கோணங்களில் படம் எடுங்கள், நிறம் ஒரு நாளில் மாறிவிடும். கொண்டுவருவது காற்றுத் துளையிட்ட சிறு பெட்டியில், உலர்ந்த ரிசுக் கடதாசி விரித்து. பொலித்தீன் பையில் கட்டி காருக்குள் வைத்தால் கொழும்புச் சூட்டில் ஒரே இரவில் ட்ரைக்கோடெர்மா, அஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சணங்கள் மூடிவிடும், பிறகு நீங்கள் ஆராய்வது அவற்றைத்தான். அன்றே வேலை தொடங்க முடியாவிட்டால் 4–8 பாகை செல்சியசில் இரண்டு மூன்று நாள் தாங்கும். உறைபெட்டியில் வைக்க வேண்டாம், உயிருள்ள வித்தி வேண்டும்.

ஒரு இடத்தில் நிறைய இருந்தால் பத்துப் பன்னிரண்டு போதும், மிச்சத்தை அங்கேயே விடுங்கள். சேகரித்ததைப் பிரிக்க வேண்டும்: சில வித்தி எடுக்க, சில உலர்த்த, சில டிஎன்ஏவுக்கு 95% எதனோலில். நோய் தொற்றாத அதே எறும்புகள் சிலவற்றையும் அருகிலிருந்து எடுத்து எதனோலில் போடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பங்கசு மூடிய எறும்பில் இனம் பிரிக்க உதவும் மயிர்களும் மேற்பரப்பு வடிவங்களும் சிதைந்திருக்கும். எறும்பின் இனம் தெரியாமல் இந்தக் கூட்டத்தில் பங்கசு இனம் பேச முடியாது. ஒரு கால் போதும், விலங்கினங்களை அடையாளம் காணப் பயன்படும் சீஓஐ மரபணுவின் 658 தளத் துண்டை எடுத்து உருவவியல் அடையாளத்தோடு ஒப்பிடலாம்.

உலர்த்துவது 35–40 பாகையில், ஒரு நாளோ இரண்டு நாளோ. அல்லது சிலிக்கா ஜெல்லில். அதற்கு மேல் சூடாக்கினால் டிஎன்ஏ சிதையும். உலர்ந்த பின் காற்றுப் புகாத பையில் −20 பாகையில் ஒரு கிழமை வைத்தால் சிற்றுண்ணிகள் சாகும். பிறகு அமிலமற்ற கடதாசி உறை. ஈரப்பதம் பெரும்பாலும் 75% க்கு மேல் நிற்கும் ஊரில், சாதாரண அலுமாரியில் வைத்த உலர் மாதிரி மறுபடி ஈரம் குடித்துப் பூஞ்சணம் பிடிக்கும். உறைகளைப் பெட்டிக்குள் வைத்து, சிலிக்கா ஜெல்லின் நிறம் மாறும்போதெல்லாம் மாற்ற வேண்டும்.

வித்தி எடுப்பது இந்தக் கூட்டத்தில் மிக முக்கியமான படி. இலையோடு எறும்பைப் பெத்திரிக் கிண்ணத்தின் மூடியின் உட்புறத்தில் சிறிது வஸலினால் ஒட்டுங்கள்; தண்டின் பக்கவாட்டில் உள்ள மெத்தை போன்ற கபிலப் பகுதி கீழ்நோக்க வேண்டும். கீழே 1.5% வெறும் நீர் ஏகார் (கூழ்போல் உறையும் வளர்ப்புத் தளம்). ஊட்டச்சத்துள்ள ஏகாரைப் பாவித்தால் பக்டீரியா முந்திக்கொள்ளும். 22–25 பாகை அறையில் இரவு முழுக்க விடுங்கள். முதிர்ந்த மாதிரியானால் காலையில் ஏகாரின் மேல் ஊசிபோல மெல்லிய, நீண்ட, நிறமற்ற வித்திகள் குவியலாகக் கிடக்கும். சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை கிண்ணத்தின் அடிப்பாகத்தைச் சிறிது திருப்பினால் ஒவ்வொரு குவியலும் தனியாக விழும். மூன்று நாளாகியும் ஒன்றும் விழாவிட்டால் ஒன்று இளமை, அல்லது முதிர்ந்து முடிந்தது, அல்லது அதன் மேல் இன்னொரு பங்கசு ஏறியிருக்கிறது. இந்தக் கடைசிச் சாத்தியத்தை அலட்சியம் செய்யாதீர்கள். எறும்புப் பங்கசைத் தின்னும் பங்கசுகள் உண்டு. அவற்றில் சில அண்மையில்தான் தனிச் சாதிகளாகவே பெயர் பெற்றன. தண்டின் மேல் வெள்ளைப் படலம் இருந்தால் அங்கிருந்து எடுத்த டிஎன்ஏ எறும்பைக் கொன்ற பங்கசினுடையது என்று கருத முடியாது.

விழுந்த வித்திகளை உடனே அளந்துவிட்டு, அதே கிண்ணத்தை 24, 48, 72 மணித்தியாலங்களில் மறுபடி பாருங்கள். இந்தக் கூட்டத்தின் வித்திகள் முளைக்கும்போது மயிர்போன்ற நுண்தண்டுகளை அனுப்பி நுனியில் ஒரு துணை வித்தி வைக்கும். ஒரு வித்தியிலிருந்து எத்தனை நுண்தண்டு, எவ்வளவு நீளம் என்பது இனங்களைப் பிரிக்க உதவும் பண்பு. உலர்ந்த மாதிரியில் இதை எந்தக் காலத்திலும் மீட்க முடியாது.

நுணுக்குக்காட்டியில் முதல் வேலை அளவுதிருத்தம். மேடை மைக்ரோமீற்றரை வைத்து ஒவ்வொரு பொருளருகு வில்லைக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். கமெரா மென்பொருள் காட்டும் எண்ணை அப்படியே நம்பினால் எல்லா அளவும் ஒரே விகிதத்தில் பிழைக்கும், யாருக்கும் தெரியவும் வராது. பெரிதீசியத்தைப் புதிய சவர அலகால் கையால் சீவி 5% பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் பாருங்கள்; வித்தியைத் தண்ணீரில் அளந்துவிட்டு, பிறகு லக்ரோபீனோல் கொற்றன் புளூவில் குறுக்குச்சுவர்களை எண்ணுங்கள். அஸ்கசுக்குள் இருக்கும் வித்தியை அளக்க வேண்டாம், வெளியே எறியப்பட்டதை அளக்க வேண்டும், உள்ளே இருப்பது முதிர்ந்ததா என்று தெரியாது. குறைந்தது மூன்று எறும்புகளிலிருந்து 20 பெரிதீசியம், 30 அஸ்கசு, 50 வித்தி. பழைய விவரணையோடு ஒப்பிடும்போது அவர்கள் புதியதை அளந்தார்களா, உலர்ந்ததை நனைத்து அளந்தார்களா என்று பாருங்கள். 10% வித்தியாசம் அங்கேயே வந்துவிடும். பாலிலா நிலையைத் தேட மறக்க வேண்டாம். தண்டின் நுனியையும் கால் மூட்டுகளையும் தனித்தனியாகப் பாருங்கள். அடி பருத்து, கழுத்து மெலிந்த ஃபியலைடுகள் (பாலிலா வித்தியை உண்டாக்கும் கலங்கள்) இரண்டு இடத்திலும் இரண்டு விதமாக இருக்கலாம்.

வளர்ப்பு பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பூச்சிகளைக் கொல்லும் மற்றப் பங்கசுகளான பியூவேரியா, மெட்டாரைசியம் போன்றவை உருளைக்கிழங்கு டெக்ஸ்ரோஸ் ஏகாரிலோ, 1% ஈஸ்ட் சாறு சேர்த்த சபுரோ ஏகாரிலோ 25 பாகையில் ஒரு கிழமையில் நன்றாக வந்துவிடும். லீற்றருக்கு 100 மில்லிகிராம் குளோரம்பெனிக்கோல் போட்டால் பக்டீரியாத் தொல்லை குறையும். எறும்புப் பங்கசு அப்படியல்ல. ஏகாரில் மாதக்கணக்கில் ஒரு மில்லிமீற்றர் புள்ளியாக நிற்கும், அதற்குள் சிற்றுண்ணி வேறு கொலனியின் வித்தியைச் சுமந்து வந்து கெடுத்துவிடும். பூச்சிக்கல வளர்ப்புக்கான கிறேஸ் ஊடகத்தில் கன்றுச் சீரம் சேர்த்து வளர்க்கிறார்கள், செலவு அதிகம். வளர்ப்பு இல்லாமலும் இனத்தை விவரிக்கலாம். கிண்ணத்தில் இரண்டு நாளில் பச்சையாக வேகமாக வளர்ந்தது எதுவோ, அது நீங்கள் தேடியது அல்ல.

டிஎன்ஏவுக்குத் தண்டின் உட்பகுதியை மட்டும் எடுங்கள்: வெளிப்புறத்தைச் சுரண்டி நீக்கி, 2–5 மில்லிகிராம். கறுப்புத் தண்டில் உள்ள மெலனின் என்ற நிறமி, டிஎன்ஏவைப் பல பிரதிகளாக்கும் பிசிஆரை நிறுத்திவிடும். டிஎன்ஏ இருந்தும் பட்டை வராவிட்டால் 1:10, 1:50 ஆக ஐதாக்கி மறுபடி ஓட்டுங்கள், மாட்டுச் சீர அல்புமினும் சேர்க்கலாம். ஐடிஎஸ் வரிசை கிளாடோஸ்போரியம் என்று வந்தால் அது மேற்பரப்பு மாசு. மின்வரைபடத்தில் இரட்டை உச்சிகள் வந்தால் இரண்டு பங்கசுகள் கலந்திருக்கலாம், அல்லது ஒரே பங்கசில் ஐடிஎஸ் பல வடிவங்களில் இருக்கலாம். திபெத்திய மருத்துவக் கம்பளிப்பூச்சிப் பங்கசான ஒபியோகோர்டிசெப்ஸ் சினென்சிசில் இப்படிச் செயலிழந்த ஐடிஎஸ் பிரதிகள் நன்கு அறியப்பட்டவை.

இப்போது அந்த 96%. முதலில் அது எவ்வளவு நீளத்துக்கு என்று பாருங்கள். ஐடிஎஸ்ஸின் நடுவே ஏறத்தாழ 160 தள நீளமான 5.8எஸ் பகுதி எல்லாப் பங்கசிலும் கிட்டத்தட்ட ஒன்றே. வரிசையில் பாதி மட்டும் பொருந்தினால் சதவீதத்தைத் தூக்கிப் பிடிப்பது அதுதான். அடுத்து, பொருந்திய பதிவு எந்த மாதிரியுடையது? தேடலை ‘வகைமாதிரிகளிலிருந்து வந்த வரிசைகள்’ என்று கட்டுப்படுத்தி மறுபடி ஓட்டுங்கள். ‘யூனிலட்டராலிஸ்’ என்று பதிந்த பழைய ஆசிய வரிசைகள் இன்று வேறு பெயர்களுக்கு உரியவையாக இருக்கலாம். 97% க்குக் கீழே புதியது, மேலே பழையது என்ற கணக்கும் எங்கும் செல்லாது. பியூவேரியாவிலும் பியூசேரியத்திலும் ஒன்றுக்கொன்று இனக்கலப்பற்ற இனங்கள் ஐடிஎஸ்ஸில் ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்கின்றன.

ஆகவே பல மரபணு வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு வழக்கம் எஸ்எஸ்யூ, எல்எஸ்யூ (ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்கள்), டெஃப், ஆர்பிபி1, ஆர்பிபி2 (புரதக் குறியீட்டு மரபணுக்கள்). எல்எஸ்யூவுக்கு எல்ஆர்0ஆர், எல்ஆர்5 முதன்மிகள் (பிசிஆரில் நகலெடுக்கும் பகுதியின் எல்லையைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) ஏறத்தாழ 900 தளம் தரும். பெரும்பாலும் முதல் முயற்சியிலேயே வரும். டெஃப் மரபணுவில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே மரபணுவின் இரண்டு வேறு பகுதிகளை இரண்டு கூட்டத்தார் எடுக்கிறார்கள்: 983எஃப், 2218ஆர் முதன்மிகள் தரும் பின்பகுதி ஒன்று, பியூசேரியத்திலும் மெட்டாரைசியத்திலும் இனம் பிரிக்க எடுக்கும், இன்ட்ரோன் (புரதக் குறியீடற்ற இடைத்துண்டு) நிறைந்த முன்பகுதி மற்றொன்று. இரண்டையும் ஒரே கோப்பில் போட்டு அணிவகுத்தால் மென்பொருள் குறை சொல்லாமல் ஒரு பரிணாம உறவு மரத்தை வரைந்து தரும், அந்த மரத்துக்கு அர்த்தமே கிடையாது. ஒபியோகோர்டிசெப்சுக்குப் பின்பகுதி. ஆர்பிபி இரண்டும் அடம்பிடிக்கும். இணைப்பு வெப்பநிலையை 50 பாகை அளவுக்கு இறக்கிப் பாருங்கள். எல்லாவற்றையும் இரு திசையிலும் வரிசைப்படுத்துங்கள்.

மரம் வரையும்போது முதலில் ஒவ்வொரு மரபணுவுக்கும் தனி மரம். ஒரே எறும்பிலிருந்து எடுத்த வரிசை ஒரு மரத்தில் இங்கேயும் மற்றதில் அங்கேயும் விழுந்தால் மாசு அல்லது குழாய் மாறியது, இணைத்த மரத்தில் இந்தப் பிழை ஒளிந்துகொள்ளும். பிறகு இணைத்து, புரதக் குறியீட்டு மரபணுக்களை கோடோன் நிலைப்படி பிரித்து, ஐக்யூட்ரீ, மிஸ்டர்பேய்ஸ் என்ற மரம் வரையும் மென்பொருள்களில் ஓட்டுங்கள். கிளையின் உறுதியைக் காட்டும் அதிவிரைவு பூட்ஸ்ட்ராப் 95 க்கும், பின்னிகழ்தகவு 0.95 க்கும் குறைந்த கிளையை வைத்து இனம் பேச வேண்டாம். உங்கள் மாதிரிகள், குறைந்தது இரண்டு வேறு சேகரிப்புகளிலிருந்து, ஒன்றுக்கு மேற்பட்ட மரபணு மரங்களில் ஒரே தனிக் கிளையாகக் கூட வேண்டும். அந்தக் கிளையோடு எறும்பினமும் வித்தி அளவும் சேர்ந்து வேறுபட வேண்டும். மரம் மட்டும் பிரிந்து உருவமும் விருந்துவழங்கியும் ஒன்றாகவே இருந்தால் அது அண்மையில் பிரிந்த குடித்தொகையாகவும் இருக்கலாம்.

எறும்பல்லாத பூச்சியில் கண்டவர்களுக்கும் சில சொல்ல வேண்டும். 2018 இலிருந்து இங்குள்ள சோளத்தில் பரவிய சேனா படைப்புழு விறைத்துப் பச்சைமா பூசியதுபோல் கிடந்தால் முதலில் மெட்டாரைசியம் ரைலீயை நினையுங்கள். புதிய இனத்துக்கான வாய்ப்பு மிகக் குறைவு. மரத்தைத் துளைக்கும் வண்டுகள் தம் உணவுக்காக வளர்க்கும் பங்கசு வேறு கதை, அதில் இலங்கைக்கு நேரடிப் பாடம் இருக்கிறது. தேயிலைக் கிளைகளைத் துளைக்கும் வண்டின் பங்கசை 1947 இல் கேட், லூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் மொனாக்ரோஸ்போரியம் அம்ப்ரோசியம் என்று இங்கிருந்து விவரித்தார்கள். அது பிறகு பியூசேரியம் சாதிக்கு மாறியது. பல மரபணு ஆய்வு வந்தபோது இதைப் போன்ற வண்டுகளோடு வாழும் பியூசேரியங்கள் பல தனி இனங்கள் என்று தெரிந்தது. அவகாடோ மரங்களைக் கொல்லும் ஒன்று 2013 இல் பியூசேரியம் யூவலாசியே ஆனது. இந்த நடுவில் வண்டின் பெயரே ஆட்டம் கண்டது. 1868 இல் இலங்கை மாதிரியை வைத்து விவரித்த யூவலாசியா பொர்னிகேட்டஸ் என்ற ஒரே பெயருக்குள் பல இனங்கள் இருந்தன. 2018 இல் ஒரு விதமாகவும் 2019 இல் வேறு விதமாகவும் அவற்றுக்குப் பெயர் பகிர்ந்தார்கள். ஆகவே பழைய கட்டுரையில் ‘பொர்னிகேட்டசிலிருந்து’ என்று இருந்தால் இன்றைய எந்த வண்டு என்று அதன் வரிசையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வண்டையும் காப்பகத்தில் வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இவ்வகை வண்டில் பங்கசை எடுக்க: பெண் வண்டை 70% எதனோலில் அரை நிமிடத்துக்குள் கழுவி, கிருமி நீக்கிய தண்ணீரில் இருமுறை அலசி, தலையை மட்டும் வெட்டி, 100 மைக்ரோலீற்றர் தண்ணீரில் நசுக்கி ஐதாக்கி ஏகாரில் தடவுங்கள். பங்கசைச் சுமக்கும் பை தலையில் இருப்பதால்தான் தலை. முழு வண்டையும் நசுக்கினால் குடலிலுள்ள ஈஸ்டும் பக்டீரியாவும் தட்டை நிரப்பும்.

அனுமதியைச் சேகரிக்கும் முன்னரே பெறுங்கள். லபுகம, கலட்டுவாவ போன்ற ஒதுக்கக் காடுகளுக்கு வன பாதுகாப்புத் திணைக்களம். பெல்லன்வில–அத்திடிய போன்ற சரணாலயங்களுக்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். பங்கசுதானே என்ற எண்ணம் உதவாது, ஒட்டியிருக்கும் எறும்பும் இலையும் சேர்ந்தே வருகின்றன. மாதிரியையோ டிஎன்ஏவையோ வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதற்குத் தனி அனுமதி வேண்டும். பல இதழ்கள் அனுமதி எண்ணைக் கேட்கின்றன; பின்தேதியிட்டு அதைப் பெற வழியில்லை.

பெயரிடும் கட்டத்தில் அறிவியல் சரியாக இருந்தும் பெயர் செல்லாமல் போவது உண்டு. பெயரிடலுக்கான சர்வதேசச் சட்டக்கோவை கேட்பது இவை: லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரணை அல்லது வேறுபாட்டுக் குறிப்பு, ஒரே ஒரு முதன்மை வகைமாதிரியும் அது இருக்கும் காப்பகமும், 2013 ஜனவரி 1 முதல், மைக்கோபேங்க், இன்டெக்ஸ் ஃபங்கோரம், ஃபங்கல் நேம்ஸ் ஆகிய பெயர்ப்பதிவுத் தளங்களில் ஒன்றிலிருந்து பெற்ற பதிவெண், அதுவும் கட்டுரைக்குள்ளேயே அச்சாகி. ‘இந்த மூன்று எறும்புகளும் வகைமாதிரி’ என்று வெவ்வேறு எண்களோடு எழுதினால் செல்லாது. ஒன்று முதன்மை, மற்றவை துணை. உயிருள்ள வளர்ப்பை வகைமாதிரியாக்க முடியாது. உறைநிலையிலோ உறையுலர்த்தியோ உயிர்ச்செயல் நிறுத்தி வைத்ததாக எழுத்தில் சொல்ல வேண்டும். டிஎன்ஏ வரிசை மட்டும் வகைமாதிரியாக முடியாது. முன்பதிப்பு, பத்திரிகைச் செய்தி, பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வேடு எதுவும் பெயரை நிலைநாட்டாது. இணையத்தில் மட்டும் வரும் இதழானால் பிடிஎஃப் வடிவமும் ஐஎஸ்எஸ்என் எண்ணும் வேண்டும். பெயர் ‘லங்கென்சிஸ்’ ஆகட்டும், எறும்பின் பெயரிலிருந்து வந்ததாகட்டும், அதே சாதிக்குள் முன்பே இருக்கிறதா என்று இன்டெக்ஸ் ஃபங்கோரத்தில் பாருங்கள். ஒபியோகோர்டிசெப்ஸ் லத்தீனில் பெண்பால். அடைமொழியின் ஈறு அதற்கு இசைய வேண்டும். பதிவெண்ணைக் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு பெறுவதே வசதி. மதிப்பாய்வில் பெயர் மாறினால் பழைய எண் அனாதையாகத் தரவுத்தளத்தில் கிடக்கும்.

முதன்மை வகைமாதிரி பேராதனைத் தேசிய ஹேர்பேரியத்தில் இருப்பது நல்லது, பி.டி.ஏ. என்பது அதன் சர்வதேசக் குறியீடு. ஒரு துணை மாதிரியை வேறொரு காப்பகத்தில் வையுங்கள், தீயோ வெள்ளமோ வந்தால் ஒன்றாவது மிஞ்சும். வரிசைகளில் மாதிரி எண்ணைக் குறித்து ஜென்பேங்கில் பதியுங்கள்.

உங்கள் கையில் இப்போது இருப்பது எதனோலில் கிடக்கும் ஒன்றிரண்டு எறும்புகளும் ஓர் ஐடிஎஸ் வரிசையும் மட்டும் என்றால், அவற்றை வைத்துப் பெயரிட வேண்டாம். எதனோலில் வித்தி உயிரோடிராது. அந்த எறும்பிலிருந்து சீஓஐ, டெஃப், எல்எஸ்யூ மூன்றையும் எடுத்து, வரிசையை ‘ஒபியோகோர்டிசெப்ஸ் இனம்’ என்று பெயரின்றிப் பதிந்துவிடுங்கள். பிறகு தென்மேற்குப் பருவமழை நடுவிலும், ஒக்டோபர்–நவம்பர் இடைப்பருவ மழைக்குப் பின்னரும் அதே ஓடைக்கரைக்குப் போங்கள். அந்தச் செத்த எறும்புகள் உலர்ந்து பல மாதம் இலையிலேயே ஒட்டியிருக்கலாம், ஆகவே பழையதையும் புதியதையும் சேர்த்தே காண்பீர்கள். தண்டின் பக்கத்தில் கபில மெத்தை பருத்து, பெரிதீசிய வாய்கள் புள்ளிகளாகத் தெரிவதை மட்டும் வித்தி எடுக்கத் தேர்ந்தெடுங்கள்.